ஏ ஃப்ளாட்டுக்கு நான்கு விரல்

இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் போதும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சவரிராயன் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் அது கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்திருந்தது. மெல்ல வெளியே எடுத்தான். வெள்ளைக் கையுறைக்குள் ஐந்து விரலும் இருந்தன. ஐந்தும் இருக்கு, ஐந்தும் இருக்கு என்று வால்ட்ஸின் மூன்று தட்டுக்கு ஏற்ப உள்ளே ஏதோ எண்ண ஆரம்பித்தது; அதை அடக்குவதற்காக ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. மவுண்ட் ரோடு வெஸ்ட்மோர் ஹோட்டலின் நடனக்கூடம். கேரம் பலகைக்குத் தூவுகிற போரிக் பவுடரைத் தரையெங்கும் தூவியிருந்தார்கள். அதன்மேல் உயர்ந்த குதிகால் செருப்புகளும் மினுக்கிய பூட்ஸுகளும் வழுக்கிப் போய் வழுக்கி வந்தன. திரைச்சீலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெயில் கிடந்தது. விரற்கடை. எல்லாவற்றையும் விரலால்தானே அளக்கிறோம் என்று தோன்றியது. மூன்று விரற்கடை ஜரிகை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி அரிசி. கை போனவன் எதைக்கொண்டு அளப்பான்? அப்படி நினைத்த மாத்திரத்தில் பிடரி வியர்த்தது, முதுகு வியர்த்தது, அக்குளிலிருந்து ஒரு சொட்டு விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு இறங்கியது. வியர்ப்பது நல்லது. வியர்க்காத இடத்தைப் பற்றித்தான் பயம். இடது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, உள்பக்கம், ஓரணாக் காசின் அகலத்தில் ஒரு இடம், சுற்றியிருக்கும் தோலைவிடச் சற்று வெளுத்து. தேமல் என்றுதான் முதலில் நினைத்தான், தேமலேதான், மெட்ராஸ் வெயிலில் தேமல் இல்லாதவன் யார். ஆனால் சட்டையைப் பிழிந்தால் சொட்டுகிற நாட்களிலும் அந்த ஓரணா இடம் மட்டும் மாவு தடவின மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒருநாள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மனைவி அமலியின் தையல் ஊசியால் குத்திப் பார்த்தான். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. ஊசியைக் கழுவி நூற்கண்டில் திரும்பச் செருகப் போனவன், கழுவியது போதுமா என்று சந்தேகப்பட்டு மறுபடி கழுவினான், மறுபடி சந்தேகப்பட்டான், கடைசியில் ஜன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டுவிட்டான். அமலி இரண்டு நாள் அந்த ஊசியைத் தேடினாள்.

வால்ட்ஸ் முடிந்தது. கைதட்டினார்கள். அவன் பேண்டை நடத்தும் கோலை வலது கையில் தாழ்த்தி, நெற்றி ஒரு அங்குலம் குனிய, பதினெட்டு வருஷமாகக் குனிகிற அதே குனிவைக் குனிந்தான். சாந்தோம் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவன் எட்வர்ட் சவரிராயன்; இந்த ஹோட்டல் வாசலில் நிறுத்தியிருக்கும் அட்டையில் எட்டி சேவியர். கவர்னர் மாளிகைத் தோட்ட விருந்துகளுக்கும், ஊட்டி குதிரைப் பந்தய சீசனுக்கும், யார் வீட்டுக் கல்யாணத்தில் பணக்காரப் பிள்ளைகள் ஃபாக்ஸ்ட்ராட் ஆட வேண்டுமென்றாலும் எட்டி சேவியரும் அவன் பேண்டின் ஏழு பேரும்தான். மதுவிலக்கு வந்து பாதி கிளப்புகள் விளக்கை அணைத்த பிறகும், பெர்மிட் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு உள்ளறையில் விஸ்கி, மற்றவர்களுக்கு இங்கே தேநீரும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் என்று ஆன பிறகும், அவனைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கை குலுக்கினார்கள். எத்தனை கை. நீதிபதிகள், மில் முதலாளிகள், அவர்களுடைய மருமகள்கள், நெயில்பாலிஷ் இன்னும் காயாத பெண்கள். அவன் வலது கையைத்தான் கொடுத்தான், வலது கையைத்தான், ஆனால் சிலர் அன்பு மிகுந்து இரண்டு கையாலும் அவன் இரண்டு கையையும் பற்றினார்களே. அவர்களில் யாராவது ஒருத்தி இன்றைக்குத் தன் வீட்டுக் குளியலறையில் ஊசியோடு நிற்கிறாளோ. ஆறு வாரமாகக் கையுறை போட்டிருக்கிறான். ஹோட்டல் மானேஜருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, என்ன ஸ்டைல், என்றார். ஆல்ட்டோ சாக்ஸபோன் மெனெசிஸ் மட்டும், கோவாக்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், "பாஸ் டிராபிக் போலீஸ் ஆயிட்டார், இனிமே நாம லைட்டுப் பார்த்துத்தான் வாசிக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

எதிர்ச் சுவரில் நீளத்துக்கு ஒரு துணி கட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கக் கூடாது என்று மேடை ஏறும்போதே தீர்மானித்திருந்தான்; தீர்மானித்ததால் கண் அங்கேதான் போனது. இன்றைய தேநீர் நடனம் ஒரு தர்ம காரியத்துக்கு. எந்த தர்மம் என்று முந்தாநாள் வரை அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கண் பார்வையில்லாதவர்களுக்கு, வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு என்று மாதத்துக்கு ஒன்று நடப்பதுதான். துணியில் கொட்டை எழுத்தில் அந்த வார்த்தை இருந்தது. ஆறு வாரமாக அவன் மனதுக்குள்கூட உச்சரிக்காமல் அது, அது என்று சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தானே, அதை மூன்றடி உயரத்துக்குச் சிவப்புச் சாயத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஏந்திய இரண்டு கைகளின் படம். வரைந்தவன் பத்து விரலையும் நகத்தோடு அழகாக வரைந்திருந்தான். அவனுக்குத் தெரியாது, பாவம். கமிட்டித் தலைவி மிஸஸ் நாகலிங்கம் முழங்கை வரை ஏறிய பட்டுக் கையுறையோடு மைக்கைப் பிடித்து, "நாம இங்க ஆடுற ஒவ்வொரு ஸ்டெப்பும் அங்க ஒரு துர்பாக்கியசாலிக்கு மருந்து" என்றாள். பிறகு முன்வரிசை மேஜையில் இருந்த ஒரு குள்ளமான அம்மாளைக் கைகாட்டி, வடஆற்காட்டு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சுகிர்தம், இருபது வருஷமாக இவர்களுடைய கைகால்களைப் பார்த்துவருகிறவர் என்றாள். டாக்டர் எழுந்து, கும்பிட்டு, உட்கார்ந்தார். சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை, தட்டைச் செருப்பு, மூக்கில் இறங்கிய கண்ணாடி. அந்த நிமிஷத்திலிருந்து சவரிராயனுக்குக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துத் தின்கிறார், தேநீரில் சர்க்கரை கலக்குகிறார், இங்கே பார்க்கிறார். இங்கேயா, ட்ரம்ஸையா? ட்ரம்ஸையாக இருக்கலாம். எல்லோரும் ட்ரம்ஸைத்தான் பார்ப்பார்கள். இல்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறார். இருபது வருஷம் கைகளையே பார்த்த கண்.

சிகரெட் வாசனை. எங்கிருந்தோ ஒரு சிகரெட் வாசனை வந்து அவனைத் தூக்கி அந்த நாளில் போட்டது. ஒத்திகை முடிந்து பின்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது மெனெசிஸ் மூக்கைச் சுளித்து, "பாஸ், ஏதோ கருகுது, முடியா?" என்று கேட்டான். கருகியது அவன் விரல். இடது மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் சிகரெட் கடைசி வரை எரிந்து தோலையும் எரித்துக்கொண்டிருந்தது, அவன் பாட்டுக்கு ட்ரம்பெட்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். கிளாரினெட் வாசிக்கிறவன் விரல், காய்ப்பு ஏறிப்போச்சு என்று சிரித்து மழுப்பினான். அதற்கு அடுத்த வாரம்தான் அந்த இரண்டு விரலும் மடங்க ஆரம்பித்தன, யாரோ உள்ளேயிருந்து நூல் கட்டி இழுக்கிற மாதிரி. கிளாரினெட்டின் மூன்றாவது துளையை மோதிர விரல் மூடவில்லை; காற்று கசிந்து ஒரு கிழட்டுப் பூனையின் சத்தம் வந்தது. அன்றைக்குக் கருவியைப் பெட்டியில் வைத்தவன்தான். பெரிய பேண்டு தலைவர்கள் வாசிப்பதில்லை, கோல் பிடிப்பதோடு சரி என்று எல்லோரிடமும் சொன்னான். கர்வம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். கர்வம் ஒரு நல்ல போர்வை. ஆனால் கோல் பிடிப்பவனுக்கும் இடது கை வேண்டியிருந்ததே. மேடையில் வாயால் பேச முடியாது. ட்ரம்பெட்டுக்கு மேலே குரல் எழும்பாது. பாட்டு மாறும்போது எந்தச் சுருதிக்குப் போவது என்பதைத் தலைவன் விரலால்தான் சொல்வான். விரல் மேல்நோக்கினால் ஷார்ப், கீழ்நோக்கினால் ஃப்ளாட். கீழே ஒரு விரல் எஃப், இரண்டு பி ஃப்ளாட், மூன்று ஈ ஃப்ளாட், நான்கு ஏ ஃப்ளாட். மூன்றுக்குக் கட்டைவிரலைச் சேர்த்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். நான்குக்கு வழியில்லை. அதனால் ஆறு வாரமாக ஏ ஃப்ளாட்டுக்கே போகவில்லை. கோர்வையாக நாலைந்து வால்ட்ஸ் வாசிக்கும்போது கடைசிப் பாட்டை ஏ ஃப்ளாட்டுக்கு ஏற்றுவது அவன் பேண்டுக்கே உரிய அடையாளம். ஏறுகிற அந்த இடத்தில் பெண்கள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடுவார்கள், அவன் பார்த்திருக்கிறான். எட்டியின் ஏணி என்று பெயர். ஆறு வாரமாக ஏணி கடைசிப் படிக்கு ஒரு படி கீழேயே நின்றுவிடுகிறது.

வீட்டில் தனித் தலையணை, தனிப் பாய், தனி டம்ளர். டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தான். மகள் லூர்துவுக்குப் பதினாறு வயது, இன்னும் அவன் முதுகில் வந்து சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்கிறவள். அவள் சாயும்போது அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். நாலு தடவை போனான், ஐந்தாம் தடவை அவள் வரவில்லை. ஒரு காலை அவள் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கையை, மணிக்கட்டிலிருந்து தோள் வரை, ஒவ்வொரு அங்குலமாக அவன் கண் தேடிக்கொண்டு போயிற்று. "என்ன டாடி அப்படிப் பாக்குறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றான். அவள் முழங்கை மடிப்பில் ஒரு நிழல் இருந்தது. நிழல்தானா? கையை இறக்கிவிட்டாள். அது நிழல்தானா என்று இப்போதும், இந்த மேடையிலும், தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான். அமலி வேறு கணக்குப் போட்டிருந்தாள். சலவைக்குப் போட வைத்திருந்த கையுறைகளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "யாரு அவ?" என்றாள். "ஆட வர்றவளா, பாட வர்றவளா? அதையாவது சொல்லுங்க. தெருவில எதிர்ப்பட்டா நான் ஒதுங்கி நிக்கணும் இல்ல." இருபது வருஷம் கூட வாழ்ந்தவளின் கண்ணில் நீர் நிரம்பி விழாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, ஆண்டவர் மன்னிக்கட்டும், அவன் மனதுக்குள் ஒரு ஆறுதல் பரவியது. ஒரு பெண் இருக்கிறாள் என்றே நினைக்கட்டும். ஒரு பெண் என்றால் அமலி அழுவாள், தாய்வீட்டுக்குப் போவாள், திரும்பி வருவாள். அது என்றால் தெருவே எழுந்து போகும். லூர்துவின் பெயருக்குப் பின்னால் அது போகும், மாப்பிள்ளை தேடும் வீடுகளுக்கெல்லாம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபாக்ஸ்ட்ராட் ஓடிக்கொண்டிருந்தது. கோல் தானாகப் போய்வந்தது. பத்தொன்பது வயதில் போலீஸ் பேண்டில் இருந்தபோது செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகத்துக்கு அவர்களை லாரியில் கூட்டிப்போனார்கள், இங்கிலாந்து ராஜா பிறந்தநாள். வேப்பமரத்தடியில் நூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் வாசித்து முடித்ததும் அவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள், சத்தம் வரவில்லை. தலையணையைத் தட்டுகிற மாதிரி ஒரு பொத்பொத். கலைந்து போகும்போது ஒரு ஆள் கிளாரினெட்டையே பார்த்துக்கொண்டு கிட்டே வந்தான், நெற்றியில் திருநீறு, புருவத்தில் முடி இல்லை. "நான் நாயனம் வாசிச்சவன் தம்பி," என்றான். "ஏழு துளையும் எங்கெங்கன்னு எனக்கு இன்னும் தெரியும்." காட்டுவதற்காகக் கைகளைத் தூக்கி, இல்லாத நாயனத்தைப் பிடித்தான். சவரிராயன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். ஒரே ஒரு எட்டு. அந்த ஆள் அதைப் பார்த்தான். பழகினவன் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்ததும் சார்ஜெண்ட் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கார்பாலிக் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவச் சொன்னார். சவரிராயன் நான்கு தடவை கழுவினான். இப்போது இந்த நூற்றைம்பது பேரும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் எப்படி இருக்கும்? போரிக் பவுடரில் எல்லாச் செருப்பும் ஒரே சமயத்தில் வழுக்கும் சத்தம். அவன் மட்டும் நடுவில். ஏன் நடுவில், மேடையில்தானே இருக்கிறான். மேடையிலேயே. கோலோடு.

மிஸஸ் நாகலிங்கம் கீழேயிருந்து சீட்டு அனுப்பினாள்: வால்ட்ஸ் கோர்வை. சரி. முதல் பாட்டு ஜி, ஒரு விரல் மேலே. இரண்டாவது எஃப், ஒரு விரல் கீழே. பியானோவில் ஐரிஸ், அறுபதை நெருங்கும் ஆங்கிலோ இந்தியக் கிழவி, வேப்பேரிக்காரி, பல்லில் அணைந்த சிகரெட்டைக் கடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பாமலே வாசித்தாள். மூன்றாவது ஈ ஃப்ளாட். கட்டைவிரலைச் சேர்த்துக் காட்டினான், பிழைத்தான். இதோடு நிறுத்திவிட வேண்டும், கடைசி எட்டு பார் தாளத்துக்கு வந்ததும் முடித்துவிட வேண்டும். டாக்டர் சுகிர்தம் கன்னத்தில் கை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி. இரண்டாம் முறை கழுவும்போது அதை விரலால் துடைத்தேனே, அந்த ஈரத்தோடு பல் துலக்கும் டப்பாவைத் தொட்டேனா? தொடவில்லை. தொட்டேன். லூர்துவின் பிரஷ் எந்தப் பக்கம் இருந்தது. சாக்ஸபோன்கள் எட்டு பாரின் விளிம்புக்கு வந்து மூச்சை இழுத்தன, பெண்கள் தலையைச் சாய்க்கத் தொடங்கினார்கள், நினைப்பு வேறெங்கோ இருந்த அந்தக் கணத்தில் பதினெட்டு வருஷப் பழக்கம் அவனைக் கேட்காமல் எழுந்தது. இடது கை நெஞ்சுக்கு முன்னால் வந்து, கீழ்நோக்கி, நான்கு விரலைக் காட்டியது. நான்கு என்று அது நினைத்தது. நீண்டவை இரண்டு, மற்ற இரண்டும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியிருந்தன. சாக்ஸபோன்களும் ட்ரம்பெட்டும் இரண்டைப் பார்த்து பி ஃப்ளாட்டில் பாய்ந்தன. பியானோ ஏ ஃப்ளாட்டுக்குப் போயிற்று. இரண்டு பார் நீளத்துக்கு ஒரு பாட்டு இன்னொன்றின் காலை மிதித்துக்கொண்டு நொண்டியது. கூடத்தில் ஜோடிகள் தடுமாறி நின்றன, யாரோ சிரித்தார்கள், ஒரு கோப்பை தட்டில் விழுந்தது. ஐரிஸ் சிகரெட்டைத் துப்பிவிட்டு, "ஏ ஃப்ளாட், கழுதைங்களா" என்று கத்தி, இடது கையால் தாழ்ந்த சுரத்தை மூன்று தடவை இடித்தாள். மெனெசிஸ் வந்து சேர்ந்தான், மற்றவர்களும் வந்தார்கள். ஏணி ஏறி நின்றது. அவன் கை இன்னும் நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. முன்வரிசை மேஜையில் டாக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டுதான் பாஸ் காட்டினீங்க," என்றான் மெனெசிஸ், பாட்டு முடிந்து சாக்ஸபோனிலிருந்து எச்சிலைத் தட்டிக்கொண்டே. "என் கண்ணு நல்லா இருக்கு. ரெண்டு." நாலு காட்டினேன் என்றான் சவரிராயன், குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "அப்ப மத்த ரெண்டும் லீவுல போயிருக்கும்," என்றான் மெனெசிஸ். ட்ரம்பெட்காரன் சிரித்தான். சவரிராயன் பியானோ பக்கம் போய்க் குனிந்து, நீ மட்டும் எப்படிச் சரியாகப் போனாய் என்று ஐரிஸிடம் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. அவள் பாட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "உன் விரலைப் பார்த்து வாசிக்கிறதை நான் எப்பவோ விட்டுட்டேன், எட்டி" என்றாள். எப்பவோ என்றால் எப்போது? ஒரு மாதமா? பத்து வருஷமா? பத்து வருஷமாக இருக்கலாம், பழகிய பியானோக்காரி, அவன் மனசு போகிற பாதை அவளுக்குத் தெரியும். அல்லது சிகரெட் கருகிய அன்றைக்கு அவளும் அந்த அறையில் இருந்தாளா? அவள் முகத்தைத் தேடினான். பவுடரும் சுருக்கமும்தான் இருந்தன. மைக்கில் மிஸஸ் நாகலிங்கம், அடுத்தது லேடீஸ் சாய்ஸ், பெண்கள் தங்களுக்குப் பிடித்த ஆண்களைத் தேர்ந்தெடுத்து ஆடலாம், யாரும் மறுக்கக் கூடாது என்றாள். ஆண்கள் எல்லோரும் சுவரோரம் போய், பெண் பார்க்கிற வீட்டில் காபித் தட்டோடு நிற்கும் பெண்ணைப்போலக் கூச்சத்தோடு நின்றார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்தார்கள். தட்டைச் செருப்பின் டப் டப் மட்டும் எதிர்த்திசையில் வந்தது. மேடையைப் பார்த்து.

"மிஸ்டர் சேவியர், நான் உங்களைத்தான் எடுத்துக்கிறேன்," என்றார் டாக்டர் சுகிர்தம், மேடைப் படிக்குக் கீழே நின்று. "மறுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." சுற்றிலும் கைதட்டினார்கள், மிஸஸ் நாகலிங்கம் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினாள். ஐரிஸ் அவனுக்காகக் காத்திராமல் மெதுவான வால்ட்ஸ் ஒன்றை ஆரம்பித்தாள். அவன் இறங்கினான். படி மூன்றா நான்கா என்று கால் மறந்துபோயிருந்தது. "எனக்கு ஆடத் தெரியாது, நீங்க இழுத்துட்டுப் போங்க," என்றார் டாக்டர். "கை எங்க வைக்கணும்?" இங்கே, தோளில், இன்னொன்று என் கையில் என்று சொல்லிக்கொண்டே இடது கையை ஒரு கணம் தாமதித்து நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கையைத் தாண்டிப் போய் முழங்கையைப் பிடித்தார். ஆடத் தெரியாத கிழவி பிடிக்கிற பிடி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள், யாரோ அன்போடு சிரிக்கவும் செய்தார்கள். அவர் விரல் மெல்லிய கோட்டுத் துணிக்கு மேலாக முழங்கை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே ஏதோ ஒன்றைத் தேடி, கண்டுபிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டியது. மின்சாரம் மாதிரி ஒன்று சுண்டுவிரல் வரை ஓடியது. ஆறு வாரமாக அந்த விரலில் எதுவுமே ஓடவில்லை. ஒன் டூ த்ரீ என்று அவன் முணுமுணுத்தான், பழக்கத்தில். "நரம்பு கயிறு மாதிரித் தடிச்சிருக்கு," என்றார் டாக்டர், காலைப் பார்த்துக்கொண்டே. "எத்தனை மாசமா?"

அவன் காலை மாற்றி வைத்தான், அவரும் மாற்றி வைத்தார், அவன் பூட்ஸை மிதித்தார். "மன்னிக்கணும். எத்தனை மாசமா?" தெரியாது, விரல் ஆறு வாரமாக என்றான். "ரெண்டு காட்டினீங்களே, அப்ப நாலு காட்ட நினைச்சீங்க, இல்லையா?" உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா என்று கேட்டான். "சங்கீதம் தெரியாது. விரல் தெரியும்." ஒரு ஜோடி உரசுகிற மாதிரி நெருங்கிப் போயிற்று, இரண்டு பேரும் புன்னகைத்தார்கள், ஜோடி போயிற்று. "உங்க சொந்தப் பேர் என்ன?" சவரிராயன் என்றான், இந்தக் கூடத்தில் முதல் தடவையாக. "சவரிராயன், செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். காலை ரயில்ல காட்பாடிக்கு வந்துடுங்க. மாத்திரை இருக்கு, நல்ல மாத்திரை. வியாதி போகும். விரலைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன், பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். வீட்டுல யார் யாரு?" மனைவி, ஒரு மகள், பதினாறு வயது. "அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஒரு தடவை பாத்துடணும்." கூடம் அவன் காலுக்குக் கீழே நகர்ந்தது. இதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை, பயத்தின் வாசற்படி என்று தோன்றியது. லூர்துவின் முழங்கை மடிப்பு. நான் மட்டும் வர்றேன் என்றான். "வர்றேன் இல்ல. வர்றோம்னு சொல்லுங்க." அவனால் முடியவில்லை. இரண்டே எழுத்துதான் வித்தியாசம். அந்த இரண்டு எழுத்துக்குள் அமலியும் லூர்துவும் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க மனைவிகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?" ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் நின்றுவிட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணாடி மூக்கில் இன்னும் இறங்கியது. "அடப்பாவமே. அவ யாருன்னு கேட்டா என்னைக் காட்டுங்க," என்றார். சிரிப்பு அடங்கி, "அதுக்கு ஒரு பேர் இருக்கு சவரிராயன். நீங்க அதை வாயால சொல்லணும், முதல்ல நீங்க. உங்க வாயில வராம அவங்க காதுல எப்படிப் போகும்?"

அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். எனக்கு என்று ஆரம்பித்தான். வாசிப்பின் அலை வந்து மூடியது. "கேக்கல," என்றார் டாக்டர். கிளாரினெட் பெட்டி, தையல் ஊசி, டம்ளரின் அடியில் கோடு, நாயனம் பிடிக்கிற வெறும் கைகள், எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்று ஒன்றையொன்று தள்ளின. எனக்குக் குஷ்டம் என்றான், சத்தத்துக்கு மேலே எழும்பும்படி, உரக்க. அப்போது சத்தம் இல்லை. பாட்டு முடிந்திருந்தது, ஐரிஸ் வழக்கத்தைவிட ஒரு சுற்று முன்னால் முடித்துவிட்டிருந்தாள். வார்த்தை சத்தம் அடங்கிய கூடத்தில் விழுந்து உருண்டது. பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். அவன் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான், பவுடரில் எல்லாச் செருப்பும் ஒரு எட்டுப் பின்வாங்கும் சத்தத்துக்காக. மிஸஸ் நாகலிங்கம் முகம் மலர வந்தாள். "ஆமா மிஸ்டர் சேவியர், குஷ்டம்தான். அந்த வார்த்தையைச் சொல்லவே எத்தனை பேர் கூசறாங்க. நீங்க எவ்வளவு அக்கறையா டாக்டர்கிட்ட பேசிட்டிருக்கீங்க, பார்த்துட்டேதான் இருந்தேன். அதுகளுக்குத்தானே நாம இவ்வளவும் பண்றோம்." பட்டுக் கையுறை போட்ட கையை நீட்டினாள். அவன் வலது கையைக் கொடுத்தான். அவள் குலுக்கினாள். எனக்கு என்று சொன்னேனே, அந்த வார்த்தையை யாருமே கேட்கவில்லையா? ஒரு கேவலமான நிம்மதி மேலே வந்தது, வந்த உடனே அதற்காக வெட்கமும் வந்தது, இரண்டுக்கும் அடியில் பயம் அப்படியே, அசையாமல் உட்கார்ந்திருந்தது. கேட்க வேண்டியவர்கள் இவர்கள் இல்லை.

டாக்டருக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு, மிஸஸ் நாகலிங்கத்திடம் விடைபெற்று, தட்டைச் செருப்பு டப் டப்பென்று வாசலை நோக்கிப் போனது. அவன் மேடைப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கதவை எட்டும்போது, "டாக்டர்," என்று கூப்பிட்டான். திரும்பினார். "வர்றோம்." அவர் தலையை ஆட்டினார், கதவுக்காரன் கதவைத் திறந்தான், வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சொல்லியாகிவிட்டது. இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆறரைக்குத் தேநீர் நடனம் முடியும், ஏழுக்கு பஸ், ஏழரைக்கு அமலி கதவைத் திறந்துவிட்டு முகம் பார்க்காமல் உள்ளே போவாள், லூர்து பாடம் படித்துக்கொண்டிருப்பாள். எந்த அறையில் வைத்துச் சொல்வது? நின்றுகொண்டா, உட்கார்ந்துகொண்டா? லூர்து இருக்கும்போதா? முதல் வார்த்தை எது? மேடை ஏறினான். கோல் பியானோமேல் கிடந்தது, வலது கையால் எடுத்தான். மெனெசிஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஐரிஸ் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "இன்னும் ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு எட்டி, எதை வாசிக்க?" என்றாள்.

"நம்மகிட்ட இருக்கிறதுல எது நீளமோ அதை," என்றான்.